யானகா: டோக்கியோவில் ஒரு நாள் முழுக்க நடந்து பார்க்க வேண்டிய பேட்டை

டோக்கியோவில் ஒரு முழு நாளைச் செலவிட ஒரே ஒரு பேட்டையைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நான் தயங்காமல் யானகாவைத்தான் சொல்வேன். யமனோட்டே ரயில் பாதையில் உள்ள நிப்போரி நிலையத்தின் மேற்கு வாசலில் இறங்கிச் சில நிமிடங்கள் நடந்தால் பேட்டை தொடங்கிவிடுகிறது. அதை ஒட்டியே நெசுவும் செண்டாகியும் இருக்கின்றன. 1984-இல் அந்தப் பகுதிப் பெண்கள் சிலர் நடத்தத் தொடங்கிய ஒரு சிறு பத்திரிகையின் வழியாக, இந்த மூன்றையும் சேர்த்து யானேசென் என்று அழைப்பது பரவியது. மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் யானகாவுக்கென்று பாதி நாளையாவது ஒதுக்கிவிட்டுத்தான் மற்ற இரண்டுக்கும் போக வேண்டும்.

இந்த இடத்தின் நிதானம் சுற்றுலாவுக்காக யாரும் அமைத்துக் கொடுத்ததல்ல. 1657-இல், அன்று எடோ என்று அழைக்கப்பட்ட டோக்கியோவை அழித்த பெருந்தீக்குப் பிறகு ஏராளமான கோயில்கள் இங்கே இடம்பெயர்ந்தன. எழுபதுக்கும் மேற்பட்ட புத்தக் கோயில்கள் இன்றும் இருக்கின்றன. 1923 நிலநடுக்கத்தைத் தொடர்ந்து பரவிய நெருப்பும், 1945-இன் குண்டுவீச்சும் நகரத்தின் கிழக்குப் பகுதியைச் சாம்பலாக்கியபோது, யானகாவின் பெரும்பகுதி தப்பிப் பிழைத்தது. எரியாத இடத்தில் தெருக்களை அகலப்படுத்தும் தேவை வரவில்லை. அதனால் சந்துகள் பழைய அகலத்திலேயே நின்றுவிட்டன; வாகனங்கள் ஊர்ந்துதான் போக முடிகிறது; கீழே கடையும் மேலே வீடுமாக இரண்டு மாடிக் கட்டடங்கள் இன்னும் பல இடங்களில் புழக்கத்தில் உள்ளன. கடைக்காரர் அதே தெருவில் குடியிருக்கிறார், வாடிக்கையாளர் நாள்தோறும் வருகிற அண்டை வீட்டுக்காரர் என்கிற ஏற்பாடுதான் இந்தப் பேட்டையின் உண்மையான சிறப்பு என்பது என் கணிப்பு.

எல்லோரும் முதலில் போவது யானகா கின்சா கடைத்தெருவுக்குத்தான். நிப்போரி பக்கமிருந்து வந்தால் முப்பத்தாறு படிகள் இறங்கித் தெருவுக்குள் நுழைய வேண்டும். மாலையில் அந்தப் படிகளின் உச்சியிலிருந்து சூரியன் மறைவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. தெரு சுமார் 170 மீட்டர் நீளம், ஏறத்தாழ அறுபது கடைகள். வார இறுதியில் இங்கே நடப்பது சிரமம். பூனை உருவம் பொறித்த சாமான்களை விற்கும் கடைகள் பெருகியிருப்பதும் எனக்கு உவப்பாக இல்லை; பூனைகள் இந்தப் பேட்டையோடு நெடுங்காலமாக இணைத்துப் பேசப்படுபவைதாம் என்றாலும், ஒரே மாதிரியான பொம்மைகளை அடுத்தடுத்த கடைகளில் பார்ப்பது அலுப்பூட்டுகிறது. வேலைநாளில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போய்ப் பாருங்கள், தெருவின் முகமே வேறு. மீன்கடை முன்னால் இரவுச் சமையலுக்கு என்ன வாங்குவது என்று யோசித்தபடி ஒரு பாட்டி நிற்பார். தேயிலைக் கடைக்காரர் அளந்து கட்டிக் கொடுத்துக்கொண்டே நலம் விசாரிப்பார். இந்தத் தெரு யாருக்காக இருக்கிறது என்பது அந்த நேரத்தில்தான் புரிகிறது.

இந்தத் தெருவின் தின்பண்டம் மென்ச்சி காட்சு. கொத்திறைச்சியில் வெங்காயம் சேர்த்துத் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்தெடுப்பது. இறைச்சிக் கடைகளே இதைச் செய்து விற்கின்றன. கண்ணாடிப் பெட்டியில் ஏற்கெனவே அடுக்கியிருப்பதை வாங்காமல், சட்டியிலிருந்து அடுத்து எடுப்பதற்காகக் காத்திருப்பது நல்லது. காகித உறையில் வைத்துக் கொடுப்பதைக் கடித்ததும் மேலோடு நொறுங்கி, உள்ளிருந்து சூடான சாறு விரலிடுக்கில் வழியும். வெங்காயத்தின் இனிப்புதான் நாவில் கடைசிவரை நிற்கும். தனியாக ஒரு சாஸும் அதற்குத் தேவைப்படவில்லை. கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டு, உறையை அங்கேயே கொடுத்துவிட்டு நகர்வதுதான் முறை. மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ, அல்லது இரண்டும் கலந்தோ இருக்கும் என்பதால், அவற்றைத் தவிர்ப்பவர்கள் இதை விட்டுவிட வேண்டியதுதான்.

கடைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இசெத்தாத்சு என்னும் காகிதக் கடை. 1864-இல் தொடங்கப்பட்டது. மரக்கட்டையில் வடிவங்களைச் செதுக்கி, நிறம் நிறமாக ஒற்றியெடுக்கும் அலங்காரக் காகிதங்கள் இங்கே கிடைக்கின்றன. ஒரு தாளை வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்தால், நிறம் காகிதத்தின் மேலே படிந்திருக்காமல் நாருக்குள் ஊறியிருப்பது தெரியும். அச்சு இயந்திரத்தில் வந்த காகிதத்தில் இந்த ஆழத்தைப் பார்க்க முடியாது. கையால் ஒற்றிய பெரிய தாள்களின் விலை அதிகம்தான், ஆனால் உழைப்பை நினைத்தால் நியாயமே. சிறு பெட்டிகள், உறைகள் போன்றவை எளிய விலையில் உள்ளன. அன்பளிப்பு வாங்க நினைப்பவர்கள் கடைத்தெருவின் பொம்மைகளை விட்டுவிட்டு இங்கே வருவது மேல்.

உட்கார்ந்து சாப்பிடக் கயாபா காபிக் கடையைப் பரிந்துரைக்கிறேன். 1916-இல் கட்டிய மர வீட்டில் 1938-இல் தொடங்கிய இந்தக் கடை 2006-இல் மூடப்பட்டு, 2009-இல் கட்டடத்தின் வெளித்தோற்றத்தைக் காப்பாற்றி மீண்டும் திறக்கப்பட்டது. தெருமுனையில் மஞ்சள் நிறப் பெயர்ப்பலகையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். கீழ்த்தளத்தில் மேசை நாற்காலி. மேல்தளத்தில் பாய் விரித்த தரையில் உட்கார வேண்டும். மேல்தளம் கிடைத்தால் விடாதீர்கள். வெதுவெதுப்பான, தடித்த, மெத்தென்ற முட்டையை ரொட்டிக்கு நடுவே வைத்துத் தரும் சாண்ட்விச்தான் இந்தக் கடையின் அடையாளம். காபியும் கோகோவும் கலந்த ருஷ்யன் என்ற பானம் பழைய கடையிலிருந்தே தொடர்ந்து வருவது. வெறும் காபியைக் காட்டிலும் அதுவே இந்த இடத்துக்குப் பொருத்தம் என்பேன். பகல் பன்னிரண்டு மணிக்கு வரிசை நீளும். காலையில் போவது உத்தமம்.

சிற்பி அசாகுரா ஃபூமியோவின் வீடும் பட்டறையும் இப்போது அருங்காட்சியகமாக இருக்கின்றன. கான்கிரீட் பட்டறையையும் மரவீட்டையும் ஒன்றாக இணைத்து, நடுவில் பாறைகள் நிறைந்த குளத்தை அமைத்து, மொட்டைமாடியில் தோட்டம் போட்டவர் அவர். எங்கே உட்கார்ந்தாலும் தண்ணீர் கண்ணில் படும்படி அறைகள் குளத்தைச் சுற்றி அமைந்திருக்கின்றன. காலுறை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள், திங்களும் வியாழனும் விடுமுறை. 1874-இல் திறந்த யானகா இடுகாட்டின் நடுவே செர்ரி மரச் சாலை ஒன்று போகிறது. பேரரசரின் பெயரால் நாட்டை ஆண்ட ஷோகுன் என்னும் படைத்தலைவர்களில் கடைசியானவரான டொக்குகாவா யோஷினோபுவின் கல்லறை இங்கேதான் இருக்கிறது. மக்கள் இன்றும் தங்கள் குடும்பத்தாருக்கு மலர் வைக்க வரும் இடம் என்பதால், அங்கே படமெடுத்துக்கொண்டு திரிவதைத் தவிர்க்கலாம்.

அங்கிருந்து நெசுவுக்குப் போகப் பெரிய சாலையைப் பிடிக்காமல், பாம்புத் தெரு என்று சொல்லப்படும் வளைந்த சந்து வழியாக நடக்கச் சொல்வேன். ஒரு காலத்தில் ஐசொமே என்ற சிற்றாறு ஓடிய தடத்தை மூடித்தான் அந்தச் சந்து போடப்பட்டது. ஆறு வளைந்த இடமெல்லாம் தெருவும் வளைகிறது. இரண்டு பக்கமும் வீட்டு வாசல்களில் பூந்தொட்டிகள், நடுநடுவே ஒரு துணிக்கடை, ஒரு காபிக் கடை, அவ்வளவுதான். இந்த நடைக்காகவே யானகாவுக்கு வரலாம். அந்தச் சந்து முடிந்து சற்று நடந்தால் 1706-இல் கட்டிய நெசு ஷிண்டோ கோயில். அதன் சரிவில் ஏப்ரலில் அசேலியா மலர்கள் பூத்துக் குலுங்கும்போது கூட்டம் தாங்காது. நெசுவில் தையாக்கி என்னும் தின்பண்டம் விற்கும் கடையில் மீன் வடிவ அச்சில் மாவு ஊற்றி, உள்ளே இனிப்பு அசுக்கிப் பயறு வைத்துச் சுட்டுத் தருகிறார்கள். மொறுமொறுப்பான வால்பகுதி வரை பயறு நிரம்பியிருக்கிறது. அன்றைய மாவு தீர்ந்தால் கடையை மூடிவிடுவார்கள் என்பதால், இதை நாளின் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பல கடைகள் பிற்பகல் ஐந்து, ஆறு மணிக்கெல்லாம் கதவடைத்துவிடுகின்றன. திங்களன்றும் செவ்வாயன்றும் விடுமுறை விடும் கடைகளும் நிறைய, ஆகவே புதன் முதல் வெள்ளி வரையிலான நாட்களே தோதானவை; அசாகுரா அருங்காட்சியகத்தையும் பார்க்க நினைப்பவர்கள் வியாழனைத் தவிர்க்க வேண்டும். சில சிறு கடைகளில் ரொக்கம் மட்டுமே செல்லும் என்பதால், ஆயிரம் யென் தாள்களும் சில்லறையும் கையில் இருக்க வேண்டும். தெருவில் குப்பைத்தொட்டி கிடைப்பது அரிது. ஒரு பையைக் கொண்டுபோவது நல்லது. சைவ உணவுக்காரர்களுக்கு இந்தப் பேட்டை எளிதல்ல. காய்கறி மட்டும் போட்டதாகத் தெரியும் சாறும் நூடுல்ஸும் பெரும்பாலும் மீன் சீவலில் வடித்த தாஷியில்தான் செய்யப்படுகின்றன. பயறு இனிப்புகள், வறுத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பழச்சாறு ஊற்றிய துருவிய பனிக்கட்டி ஆகியவற்றை நம்பலாம்.

பழைய துணிக்கடைகள், சிறு நாடக அரங்குகள், இரவில் இசை, கறிச்சோறு என்று தேடுகிற இளைஞர்களுக்கு யானகா மந்தமாகத் தோன்றலாம். அவர்கள் நகரின் மேற்கே உள்ள ஷிமோகித்தாசாவாவுக்குப் போகட்டும். அங்கே கடைகள் திறப்பதே நண்பகலை ஒட்டித்தான். காலையில் எழுந்து நடக்கப் பிடித்தவர்களும், முதியவர்களை அழைத்துச் செல்பவர்களும் யானகாவைத் தேர்ந்தெடுக்கலாம். படிகளில் இறங்கச் சிரமப்படுவோர் செண்டாகி சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கினால், தெருவின் கீழ்முனை வழியாகச் சமதளத்திலேயே கடைத்தெருவுக்குள் நுழைந்துவிடலாம்.