ஆட்டோமேட்டிக் வண்டிக்கு ஃபிளஷ் செய்யச் சொன்னால், முதலில் ஆயிலை முகர்ந்து பாருங்கள்

எங்கள் வீட்டு ஐ10, 2011 மாடல். நாலு கியர் ஆட்டோமேட்டிக். இடது முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவால் கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்பதற்காகவே செகண்ட் ஹேண்டில் தேடி வாங்கிய வண்டி. 1,14,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அதில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. காலையில் முதல் தடவை லீவரை டி-க்கு (முன்னால் ஓட்டும் கியர்) தள்ளினால் ஒரு நொடி தாமதித்து, பிறகு 'டக்'கென்று பிடிக்கும். பகலில் அதுவும் இருக்காது.

எஞ்சின் ஆயில் மாற்ற விட்டபோது சர்வீஸ் அட்வைசரிடம் இதைச் சொன்னேன். அவர் கியர்பாக்ஸ் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவி வெள்ளை டிஷ்யூவில் துடைத்தார். டிகாக்‌ஷன் நிறம். பக்கத்திலேயே புது ஆயில் ஒரு சொட்டு விட்டார், நல்ல சிவப்பு. "பாத்தீங்களா சார்? மெஷின் வெச்சு ஃபிளஷ் பண்ணிட்டா புது வண்டி மாதிரி ஆயிடும். உள்ள இருக்கற அழுக்கைக் கரைக்க ஒரு கெமிக்கலும் போடுவோம்." ஃபிளஷ் என்றால் கியர்பாக்ஸின் பழைய ஆயிலை மெஷினால் தள்ளி வெளியேற்றிப் புதுசை ஏற்றுவது. 11,400 ரூபாய் என்றார். இரண்டு சொட்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தபோது வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. சரி என்றேன்.

ஐந்தாவது நாள் கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போது எஞ்சின் அலறுகிறது, வண்டி நகரவில்லை. ஆர்பிஎம் முள் நாலாயிரத்தைத் தாண்டிவிட்டது, வேகம் இருபதுக்குக் கீழே இறங்குகிறது. பின்னால் பஸ் ஹாரன். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அப்பாவின் கை நடுங்கியதை இன்னும் மறக்க முடியவில்லை.

திரும்பப் போய்க் கேட்டால் கிடைத்த பதில்: "கியர்பாக்ஸ் ஏற்கெனவே வீக் சார். லேட்டா பிடிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" சொன்னேன். வேலை தொடங்கும் முன்பே சொன்னேன். அதைக் கேட்ட பிறகு வண்டியை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? ஸ்கேனர் மாட்டிப் பார்த்திருக்க வேண்டாமா? இதற்கு முன் கியர் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், நாங்கள் வாங்கியதிலிருந்து மாற்றவே இல்லை என்று சொல்லியிருப்பேன். வண்டியை விடும்போது அவர்கள் வேலையை எழுதும் ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தேன். நான் சொன்ன குறை அதில் இல்லை. 'பொது சர்வீஸ்' என்று மட்டும் இருந்தது.

அப்புறம் புதுப்பேட்டையில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கட்டி இழுத்துப் போனோம். அவர் முதலில் கேட்டது, "பழைய ஆயில்ல தீஞ்ச வாடை வந்துச்சா தம்பி?" நான் முகர்ந்தே பார்க்கவில்லை. "கறுத்துப் போறது வயசுனால. தீஞ்ச வாடைன்னாதான் பிளேட்டு போச்சுன்னு அர்த்தம்." அடுத்து டேஷ்போர்டிலிருந்த மேனுவலை எடுக்கச் சொன்னார். அதில் எஸ்பி-3 என்று ஆயில் பெயர் அச்சிட்டே இருக்கிறது. என் பில்லில் 'ஏடிஎஃப் யுனிவர்சல், 10 லிட்டர்' (ஏடிஎஃப் என்பது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்). டிரம்மிலிருந்து பிடித்த ஆயில், கேனைக்கூட நான் பார்க்கவில்லை.

அவர் விளக்கியது இது. இந்த வகை கியர்பாக்ஸில் கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கும். வருஷக்கணக்கில் தேய்ந்த தூள் அந்த ஆயிலில் மிதக்கும், மூலைகளில் படியும். ஆயிலைக் குளிர வைக்கும் கூலரின் ஹோஸில் மெஷினை மாட்டி, கெமிக்கலும் சேர்த்து ஓட்டினால் படிந்தது மொத்தமாகக் கிளம்புகிறது. ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் மெல்லிய வழிகளிலும், அதைத் திறந்து மூடும் மின் வால்வுகளான சோலினாய்டுகளிலும் போய் அடைக்கிறது. ஆயில் பிரஷர் விழுந்தால் பிளேட் வழுக்கும். ஃபிளஷ் பிளேட்டைத் தேய்க்காது, அது ஏற்கெனவே தேய்ந்ததுதான் என்பதையும் அவரே சொன்னார். ஆனால் மெதுவாகப் போயிருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும் என்பது அவர் கணிப்பு.

மெதுவாக என்றால், கீழே உள்ள டிரெயின் போல்ட்டைக் கழற்றி, தானாக வடிவதை மட்டும் எடுப்பது. பாதி ஆயில்கூட வராது, மிச்சம் டார்க் கன்வெர்ட்டரிலும் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியாக இணைப்பது) கூலரிலும் நின்றுவிடும். வடிந்ததை அளந்து, அதே அளவு சரியான ஆயிலை ஊற்றி, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி அதே வேலை. இரண்டு மூன்று தடவை. அளவு பார்ப்பது சமதரையில், வண்டி சூடேறி எஞ்சின் ஓடும்போது, லீவரை எல்லா கியருக்கும் ஒரு தடவை நகர்த்திவிட்டு. அதிகமாக ஊற்றினாலும் நுரைத்துப் போய் பிரஷர் விழும்.

தீய்ந்த வாடையும் வந்து, மேட்டில் வழுக்கவும் செய்தால் எந்த ஆயிலும் அதைக் காப்பாற்றாது. அந்தப் பணத்தை ஓவர்ஹாலுக்கு, அதாவது கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்ய, வையுங்கள். தொடக்கத்திலிருந்தே ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டிக்கு, கெமிக்கல் இல்லாமல் சரியான ஆயிலில் ஃபிளஷ் செய்வதால் கெடுதல் இல்லை என்றும் சொன்னார். சிவிடி (கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் ஆட்டோமேட்டிக்) வண்டி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள், அதற்கான ஆயிலே வேறு.

தயவுசெய்து நீங்கள் சொல்லும் குறையையும் ஊற்றப்போகும் ஆயிலின் பெயரையும் ஜாப் கார்டில் எழுதவைத்து, போட்டோ எடுத்த பிறகே சாவியைக் கொடுங்கள். என்னிடம் இப்போது இருப்பது அந்தப் பில் மட்டும்தான்.

ஓவர்ஹாலுக்கு 72,000 ரூபாய் ஆகும் என்கிறார் பெரியவர். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். சர்வீஸ் சென்டருக்குப் பதிவுத் தபாலில் நோட்டீசும் அனுப்பியாயிற்று. அவர்கள் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், நாம் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது. பதில் வந்ததும் எழுதுகிறேன்.