10 அங்குல மினி லேத்: மரக்கடைசல் புதிதாகக் கற்பவருக்கு எது போதும், எது போதாது

சப்பாத்திக் கட்டை, தயிர் மத்து, பம்பரம், உளிப் பிடி, கையடக்கக் கிண்ணம். மரக்கடைசலில் இறங்குகிறவர் முதல் வருடத்தில் கடையப்போவது பெரும்பாலும் இவ்வளவுதான். இதற்கு இணையக் கடைகளிலும் பாரிமுனைப் பக்கத்து எந்திரக் கடைகளிலும் '10×18' என்ற பெயரில் விற்கும் மினி லேத் (கட்டையைச் சுழற்றிக் கடையும் சிறு எந்திரம்) தாராளமாகப் போதும். லேத்தோடு சேர்த்துத் தலையில் கட்டும் எட்டு உளிப் பெட்டி போதாது. கற்க வந்தவர்கள் இரண்டே மாதத்தில் லேத்துக்குத் துணி போட்டு மூடிவிடுவதற்கு முக்கியமான காரணம் அந்தப் பெட்டிதான். பட்ஜெட் குறைவென்றால் லேத்தின் அளவில் சிக்கனம் பிடியுங்கள், உளியிலும் சாணையிலும் பிடிக்காதீர்கள்.

முதலில் மெஷின். 10×18 என்பதில் முதல் எண் படுக்கைக்கு (லேத்தின் அடிச்சட்டத்துக்கு) மேல் சுழலக்கூடிய கட்டையின் விட்டம், அதாவது 254 மி.மீ. இரண்டாவது இரு மையங்களுக்கு நடுவே உள்ள நீளம், 457 மி.மீ. ஆனால் உளியை வைத்துப் பிடிக்கும் டூல் ரெஸ்ட்டைத் தாங்கும் பாஞ்சோவும் படுக்கைமேல்தான் உட்காருகிறது. அது கட்டைக்கு அடியில் நகர வேண்டும் என்பதால் கிண்ணத்துக்கு 200 மி.மீ. விட்டம் வரைதான் நிம்மதியாக வேலை செய்ய முடியும். சப்பாத்திக் கட்டைக்கு 300 மி.மீ. நீளம் போதும், அதற்கு இடம் மிச்சம்.

படுக்கை வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும். இந்த அளவில் வார்ப்பிரும்பு லேத் 35 முதல் 40 கிலோ வரை இருக்கும். தகட்டை மடித்தோ இரண்டு குழாய்களை இணைத்தோ செய்த படுக்கை விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் சமநிலை இல்லாத கட்டையை மாட்டியதும் மொத்த லேத்தும் நடுங்கும். அந்த நடுக்கத்தில் உளியை நிலையாகப் பிடிக்கக் கற்றுக்கொள்ளவே முடியாது. தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக் கற்பவர் மனம் விட்டுவிடுவார்.

அடுத்து வேகம். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதால்) பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் நடுவே வர வேண்டும் என்பது கடைசலில் பழகிய கணக்கு. 2 அங்குலக் கட்டைக்கு 3,000 கூடப் போகலாம். கற்பவருக்கு 1,500 போதும். 8 அங்குலக் கிண்ணக் கட்டைக்கு 750 என்று வருகிறது, அதுவும் அது வட்டமான பிறகு. மூலை வெட்டிய, இன்னும் வட்டமாகாத கட்டையை 500-க்குக் கீழ்தான் தொடங்க வேண்டும். அதனால் ஒரு லேத்தின் உச்ச வேகத்தைப் பார்க்காதீர்கள். மிகக் குறைந்த வேகம் என்னவென்று கேளுங்கள். 500 அல்லது அதற்கும் கீழ் என்றால் வாங்கலாம். 750-இல்தான் தொடங்கும் என்றால் அது நீளக் கட்டை கடைய மட்டும் உதவும்.

ஐந்து படி புல்லி, இண்டக்‌ஷன் மோட்டார் கொண்ட மாடலில் வேகம் மாற்ற ஒவ்வொரு முறையும் மூடியைத் திறந்து பெல்ட்டை மாற்ற வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் குறைந்த வேகத்திலும் இழுவை குறையாது, பழுது பார்ப்பதும் சுலபம். திருகிலேயே வேகம் மாற்றும் மாடல் பழகச் சுகமானது. அதில் பெல்ட்டை உயர் வேகப் படியிலேயே விட்டுவிட்டுத் திருகை மட்டும் குறைத்தால் இழுவை போய்விடும், உளி பட்டதும் கட்டை நின்றுவிடும். கிண்ணம் கடையும்போது பெல்ட்டைக் கீழ்ப்படிக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். இரண்டில் ஒன்றைச் சொல்லச் சொன்னால், திருகு மாடல். வேகத்தைச் சட்டென்று குறைக்க முடிவது கற்பவருக்குப் பெரிய பாதுகாப்பு.

கடையிலேயே நான்கு விஷயங்களைச் சோதித்துவிடுங்கள். ஹெட்ஸ்டாக்கில் (மோட்டார் சுழற்றும் தலைப்பக்கம்) பல் மையத்தையும் டெயில்ஸ்டாக்கில் (எதிரே நகரும் வால்பக்கம்) சுழல் மையத்தையும் மாட்டி, இரண்டு முனைகளும் முட்டும்வரை நெருக்குங்கள். ஊசி முனைக்கு ஊசி முனை நேராக நிற்க வேண்டும். மேலே கீழே விலகியிருந்தால் துளை போடும்போது துளை பெரிதாகும், பேனா போன்ற மெல்லிய வேலை கோணலாகும். பிறகு ஃபேஸ்பிளேட்டை (கட்டையை ஸ்க்ரூ போட்டுப் பூட்டும் வட்டத் தட்டு) ஸ்பிண்டிலில் (ஹெட்ஸ்டாக்கின் சுழலும் தண்டு) பூட்டி இரு கையாலும் முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று ஓர் ஆட்டம் கையில் தெரிந்தால் பேரிங் சரியில்லை. டெயில்ஸ்டாக்கை இறுக்கிவிட்டுத் தள்ளிப் பாருங்கள், நகரக் கூடாது. கடைசியாக ஸ்பிண்டில் மரையின் அளவைக் கேளுங்கள். 1 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை, அல்லது எம்33×3.5 என்றால் சக் (கட்டையைத் தாடைகளால் கவ்வும் பிடிப்பான்) எளிதாகக் கிடைக்கும். ஸ்பிண்டிலுக்கும் டெயில்ஸ்டாக்குக்கும் உள்ளே எம்டி2 டேப்பர் (மோர்ஸ் டேப்பர் 2 என்ற கூம்புத் துளை) இருக்க வேண்டும். அப்போதுதான் லிங்கிச்செட்டித் தெருவில் கிடைக்கும் சாதாரண டிரில் சக், டிரில் பிட் எல்லாம் டெயில்ஸ்டாக்கில் உட்காரும். வேறு ஏதாவது அளவைச் சொன்னால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

டூல் ரெஸ்ட்டின் மேல்விளிம்பு இந்த விலை லேத்துகளில் பெரும்பாலும் சொரசொரப்பாகவே வருகிறது. உளி அதன்மேல் வழுக்கிப் போக வேண்டும். சிறு பள்ளம் இருந்தாலும் உளி அங்கே தடுக்கும், அந்தத் தடுக்கல் மரத்தில் அலையாக விழும். தட்டை அரம் கொண்டு நேராக்கி, 240 உப்புத்தாள் போட்டு, மெழுகு தேய்த்தால் தீர்ந்தது. பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் முதல் கட்டையை மாட்டாதீர்கள்.

இப்போது அந்த உளிப் பெட்டி. மலிவுப் பெட்டியில் வருவது சாதாரணக் கார்பன் எஃகு. சாணை பிடிக்கும்போது ஒரு நொடி அதிகமாக அழுத்தினால் நுனி நீலம் பாரித்துவிடும். நீலம் வந்த இடத்தில் பதம் போய்விட்டது, அந்தப் பகுதியைத் தேய்த்து எடுத்தே ஆக வேண்டும். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல் என்ற எஃகு) உளி அந்தச் சூட்டைத் தாங்கும், கூரும் பல மடங்கு நேரம் நிற்கும். பெட்டிமேல் ஹெச்எஸ்எஸ் என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். சாணையில் தொட்டுப் பாருங்கள்: பொறி வெள்ளையாக, பூவாணம்போல் கிளை பிரிந்து தெறித்தால் கார்பன் எஃகு, மங்கிய சிவப்பில், கிளை இல்லாமல் கொஞ்சமாகத் தெறித்தால் ஹெச்எஸ்எஸ். இன்னொரு வித்தியாசமும் உண்டு. கார்பன் உளியைச் சாணைக்கு நடுநடுவே தண்ணீரில் நனைத்து ஆற்ற வேண்டும். ஹெச்எஸ்எஸ் உளி சூடாக இருக்கும்போது நனைக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

எட்டு உளி தேவையே இல்லை. நீளக் கட்டைக்கு 20 மி.மீ. ரஃபிங் கவ்ஜ் (கட்டையை முதலில் உருட்டையாக்கும் குழி உளி), 10 மி.மீ. ஸ்பிண்டில் கவ்ஜ் (வளைவு கடையும் குழி உளி), 3 மி.மீ. பார்ட்டிங் டூல் (வெட்டிப் பிரிக்கும் உளி). கிண்ணத்துக்கு வந்தபிறகு ஒரு பவுல் கவ்ஜ் (கிண்ணக் குழி உளி), ஒரு வட்ட முனை ஸ்கிரேப்பர் (சுரண்டும் உளி). ஸ்க்யூ உளியை (சாய்ந்த நுனி உளி) மூன்றாவது மாதம் வாங்கினால் போதும். அழகான உளி, ஆனால் கற்பவரை அதிகம் பயமுறுத்துவதும் அதுதான்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரஃபிங் கவ்ஜைக் கிண்ணம் கடையப் பயன்படுத்தவே கூடாது. அகலமான அதன் உடல் பிடிக்குள் நுழையும் இடத்தில் மெல்லிய பட்டையாகக் குறுகிவிடுகிறது. கிண்ணக் கட்டையில் ஒவ்வொரு சுற்றிலும் ரேகை இரண்டு முறை உளிக்கு எதிராகத் திரும்பும். அந்த அடியில் மெல்லிய பகுதி முறிந்து, இரும்பு முகத்தை நோக்கி வரும். மலிவுப் பெட்டிகளின் அட்டையில் இந்த எச்சரிக்கையைத் தேடினாலும் கிடைக்காது.

லேத்தைவிடச் சாணை முக்கியம். சந்தையில் கிடைக்கும் 6 அங்குல பெஞ்ச் கிரைண்டர் 2,800 ஆர்பிஎம்மில் ஓடும். ஹெச்எஸ்எஸ் உளிக்கு அது போதும். 1,400 ஆர்பிஎம் மாடல் கிடைத்தால் கற்பவர் கைக்கு இன்னும் நல்லது, உலோகத்தை அநியாயமாகத் தின்னாது. கூடவே வரும் சாம்பல் நிறக் கல்லைக் கழற்றிவிட்டு, வெள்ளை அலுமினியம் ஆக்சைடு கல், 80 கிரிட், போடுங்கள். சரிவுக் (உளி நுனியின் சாய்ந்த முகம்) கோணங்கள்: ரஃபிங் கவ்ஜ் 45 டிகிரி, ஸ்பிண்டில் கவ்ஜ் 35 முதல் 40, பவுல் கவ்ஜ் 55 முதல் 60, ஸ்கிரேப்பர் 75. சரிவு முழுவதிலும் மார்க்கர் பேனாவால் மை பூசி, மோட்டாரை ஓட்டாமல் கல்லைக் கையால் சுற்றி உளியைத் தொட்டுப் பாருங்கள். மை முழு அகலத்துக்கும் அழிந்தால் கோணம் சரி. அடியில் மட்டும் அழிந்தால் பிடியைத் தூக்க வேண்டும், நுனியில் மட்டும் அழிந்தால் தாழ்த்த வேண்டும். புளி, வேலிக்காத்தான் போன்ற கடின மரத்தில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாணைக்குப் போக நேரும். சுருள் சுருளாக வந்த சீவல் தூளாக மாறுவதுதான் அதற்கான அறிகுறி. அப்போது உளியை அழுத்தாதீர்கள், அழுத்தினால் பிசிறுதான் எழும்பும்.

உளி பிடிக்கும் வரிசை மாறாதது: முதலில் டூல் ரெஸ்ட்டில் வை, பிறகு சரிவின் அடியை மரத்தில் உரச விடு, அதன்பின் பிடியை மெல்லத் தூக்கி வெட்டத் தொடங்கு. ரெஸ்ட்டுக்கும் மரத்துக்கும் இடைவெளி 3 முதல் 6 மி.மீ.; மரம் மெலிய மெலிய, லேத்தை நிறுத்தி ரெஸ்ட்டை நெருக்க வேண்டும். உளி கொத்திக்கொள்வதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்: ரெஸ்ட்டில் வைக்கும் முன்பே நுனி மரத்தைத் தொட்டது, சரிவு உரசாமல் நுனி மட்டும் தொட்டது, கவ்ஜின் அடியில் ரெஸ்ட் தாங்காத பக்கத்து விளிம்பு மாட்டியது. நீளக் கட்டையில் எப்போதும் பெரிய விட்டத்திலிருந்து சிறிய விட்டத்துக்கு, அதாவது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி வெட்டுங்கள். ஏறி வெட்டினால் நார் கிளம்பும்.

மரத்துக்குச் சென்னையில் பஞ்சமில்லை. மாநகராட்சி கிளை வெட்டும் நாட்களிலும் புயலுக்குப் பிறகும் தெருவிலேயே கிடக்கும். 2016 டிசம்பர் வர்தா புயலில் நகரம் இழந்த மரங்கள் எத்தனை எத்தனை! பழக வேம்பும் பூவரசும் அருமை. பூவரசின் வைரப் பகுதி பழுப்பும் ஊதாவுமாக, ரேகை இறுகி, உளிக்கு வழவழவென்று வரும். மாமரம் சீராகக் கடையும், ஆனால் சீக்கிரம் பூச்சி விழும். வேலிக்காத்தான் கடினம், காயும்போது கோணுவது மிகக் குறைவு. வாகைத் தூள் தும்மலைக் கிளப்பும், முகக்கவசம் இல்லாமல் தேய்க்க வேண்டாம். துறைமுகப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் பைன் பேக்கிங் கட்டையில் முத்திரையைப் பாருங்கள்: 'ஹெச்டி' என்றால் சூடேற்றிப் பதப்படுத்தியது, 'எம்பி' என்றால் மீதைல் புரோமைடு புகை போட்டது. இரண்டாவது வேண்டாம். முதலாவதிலும் ஆணி இருக்கிறதா என்று காந்தத்தால் தடவிப் பார்த்தே மாட்டுங்கள்.

பச்சை மரத்தில் கிண்ணம் என்றால் ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் விட்டு, அதாவது 200 மி.மீ. கிண்ணத்துக்கு 20 மி.மீ. விட்டு, முரட்டாகக் கடைந்து, வெட்டுமுகங்களில் மெழுகு பூசி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதி வாருங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில் எடை இறங்காமல் நிற்கும், சில வாரம் ஏறவும் செய்யும். அந்த நிலையைக் காய்ந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சக் முதல் நாளே வேண்டியதில்லை. லேத்தோடு வரும் ஃபேஸ்பிளேட்டில் தடித்த மர ஸ்க்ரூக்களால் கட்டையைப் பூட்டலாம். கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூ வேண்டாம், அது தலை தெறித்து உடையும். பிறகு சக் வாங்கும்போது, 50 மி.மீ. தாடைக்கு ஏறக்குறைய அதே விட்டத்தில் கட்டையின் அடியில் 6 முதல் 8 மி.மீ. நீளக் குமிழ் கடைந்துகொள்ளுங்கள். குமிழின் அடி சக்கின் அடியைத் தொடக் கூடாது. அதன் தோள்தான் தாடையில் உட்கார வேண்டும். கிண்ணம் பறப்பதற்கு இதைக் கவனிக்காததே பெரும்பாலும் காரணம்.

கண்ணாடி மட்டும் போதாது, முழு முகத் தடுப்பு அவசியம். கையுறை, முழுக்கைச் சட்டை, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, மோதிரம் எதுவும் கூடாது. லுங்கியின் தொங்கும் நுனியும் அப்படித்தான். முதலில் லேத்தைப் போட்டதும் கட்டைக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

பூச்சைப் பொறுத்தவரை, தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுப்பாகவே நின்று சிக்கு வாடை வரும். ஆளி விதை எண்ணெய் காயும். அதில் நனைந்த துணியைக் கசக்கிக் குவித்தால் தானாகத் தீப்பிடிக்கக்கூடும், விரித்துக் காயப் போடுங்கள். பம்பரத்துக்கும் மத்துப் பிடிக்கும் அம்பாசமுத்திரத்து மரச் சொப்புச் சாமான்களில் உள்ளதுபோல் அரக்குப் பூச்சைவிட நல்லது இல்லை. சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசல் சூட்டிலேயே உருகி ஒட்டும், தாழை ஓலையால் தேய்த்தால் பளபளக்கும்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் வார்ப்பிரும்புப் படுக்கை மிகச் சீக்கிரம் துரு கட்டும். வேலை முடிந்ததும் சீவலைத் துடைத்து, மாதம் ஒருமுறை பேஸ்ட் மெழுகு தேய்த்தால் போதும்; டெயில்ஸ்டாக்கும் வழுக்கி ஓடும். பச்சை மரத்தின் ஈரச் சீவலை ஓர் இரவு படுக்கைமேல் விட்டாலும் கறை பிடித்துவிடும். எர்த் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டில் மட்டும் இணையுங்கள். லேத் வாங்கிய வாரத்திலேயே பெல்ட்டின் மேல் அச்சடித்த எண்ணைக் குறித்து வையுங்கள். அறுந்த பிறகு எண் தேய்ந்து படிக்க வராது; எண் இருந்தால் பாரிமுனையில் பெல்ட் விற்கும் கடைகளில் கேட்டு வாங்கிவிடலாம்.