அவசர ஸ்கேன்: வயிற்றின் மேலா, உள்வழியா?

கர்ப்பம் உறுதியாகி ஆறேழு வாரத்தில் ரத்தம் பட்டாலோ, அடிவயிறு ஒரு பக்கமாகப் பிடித்து இழுத்தாலோ, மகப்பேறு மருத்துவர் முதலில் கேட்பது கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதியை. அடுத்தது ஸ்கேன். "மேலேயே பார்த்துடுங்க டாக்டர்" என்பவர்கள்தான் அதிகம். 12 வாரத்துக்குள் என்றால் பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேன்தான், அதாவது டிவிஎஸ்தான், நல்லது.

தெளிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்வழியில் ஏறக்குறைய 5ஆம் வாரத்தில் கருவின் பையும் 6ஆம் வாரத்தில் துடிப்பும் தெரியும். மேல் ஸ்கேனில் ஒரு வாரம் பிந்தும்.

பலர் யோசிக்காதது தண்ணீர் விஷயம். மேல் ஸ்கேனுக்கு மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும்: மூன்று நான்கு டம்ளர் குடித்து ஒரு மணி நேரம் அடக்க வேண்டும். வாந்தியெடுப்பவரால் அது முடியாது. வலியோடு வந்தவருக்கு நிறைந்த பை வலியைக் கூட்டும்; அளவுக்கு மீறி நிறைந்தால் கர்ப்பப்பை நசுங்கிப் படமும் கெடும். கருக்குழாயில் கரு தங்கியிருந்து உடனே அறுவை தேவைப்பட்டால், மயக்க மருந்து கொடுப்பவருக்கு அந்தத் தண்ணீரே தலைவலி. உள்வழிக்கு மூத்திரம் போய்விட்டுப் படுத்தால் போதும்.

இரண்டு விரல் பருமனுள்ள கருவிக்கு ஆணுறை மாட்டி, ஜெல் தடவி, மெல்ல நுழைப்பார்கள். லேட்டக்ஸ் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள். பெண் உதவியாளர் கூட இருக்கக் கேட்கலாம். இதனால் கரு கலையாது. ரத்தப்போக்கு இருந்தாலும் செய்யலாம். துடிப்பு இல்லை என்றால் பதற வேண்டாம்: கருவின் நீளம் 7 மி.மீ.க்குக் குறைவென்றால் குறைந்தது ஏழு நாள் கழித்து மறுபடி பார்த்த பிறகே முடிவு. கருவின் பையே தெரியாவிட்டால், 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எச்சிஜி (கர்ப்ப ஹார்மோன்) ரத்தப் பரிசோதனை.

உடலுறவு அனுபவமில்லாத பெண்களுக்கு மேல் ஸ்கேன்தான். இடுப்பெலும்பைத் தாண்டி மேலேறிய பெரிய கட்டிக்கு இரண்டும் தேவைப்படலாம்.

மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி, மணிக்கொரு நாப்கின் நனைவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன் சென்டர் வரிசையில் உட்காராதீர்கள். 108ஐ அழைத்து, அறுவை அரங்கும் ரத்த வங்கியும் உள்ள மருத்துவமனைக்கே போங்கள்; தண்ணீர்கூடக் குடிக்காமல்.