போதைக் கும்பலுக்குப் போர்ச் சட்டமா, போலீஸ் சட்டமா?

காட்பாடி ரயில் நிலையத்திலோ கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியிலோ கஞ்சா பிடிபட்டால் வேலூரில் பலர் சொல்வது, "சுட்டுத் தள்ளணும் சார்!" 2025 செப்டம்பரில் கரீபியக் கடலில் போதைப் படகுகள் மீது அமெரிக்கா குண்டு வீசத் தொடங்கிய பிறகு, அதையும் உதாரணம் காட்டுகிறார்கள். குற்றவாளியைப் பிடிக்கும் போலீஸ் சட்டம், போரில் எதிரியைக் கொல்ல அனுமதிக்கும் போர்ச் சட்டம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் என்ன கேட்கிறோம் என்பது புரியும்.

போலீஸ் சட்டத்தில் ஆளைப் பிடிப்பதுதான் முதல் வேலை. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாத குற்றத்துக்காக ஒருவரைக் கைது செய்யும்போது, அந்தக் கைதுக்காக அவரைக் கொல்லக் கூடாது என்கிறது நம் குற்றவியல் நடைமுறைச் சட்டம். 20 கிலோவுக்கு மேல் கஞ்சா கடத்தினாலும் முதல் முறை என்றால் 10 முதல் 20 ஆண்டு சிறைதான். தற்காப்புக்காகச் சுடுவது வேறு கதை. பிடிபட்ட லாரி டிரைவர் வாய் திறந்தால் சரக்கு ஏற்றியவன் வரை போகலாம். செத்தவரிடம் என்ன விசாரிப்பது?

போர்ச் சட்டம் இதற்கு நேர்மாறு. எதிரிப் படையின் ஆயுததாரி தூங்கிக்கொண்டிருந்தாலும் சுடலாம். அதனால்தான் அது பொருந்துவதற்கான வாசல் குறுகல். முன்னாள் யுகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 1995இல் தாதிச் வழக்கில் சொன்னபடி, வன்முறை நீடித்து நடக்க வேண்டும், கும்பலுக்குப் படை போன்ற கட்டமைப்பு இருக்க வேண்டும். நோக்கம் பணமா அரசியலா என்பது கணக்கில் வராது. 2015இல் ராணுவ ஹெலிகாப்டரையே வீழ்த்திய மெக்சிகோவின் ஹாலிஸ்கோ கார்ட்டெல் என்ற போதைக் கும்பல் இந்த வாசலைத் தாண்டிவிட்டதாகச் சட்ட அறிஞர்கள் சிலர் சொல்கிறார்கள். கரீபியக் கடலில் திருப்பிச் சுடாத படகு எப்படித் தாண்டும்? அமெரிக்க அரசு அந்தப் படகுத் தாக்குதல்களை ஆயுத மோதல் என்கிறது; அந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. உண்மையான போரிலும் போதைப்பொருள் விற்பது மட்டும் சண்டையில் பங்கெடுப்பது ஆகாது.

போர்ச் சட்டத்தில் ஒரு நன்மை உண்டு. போர் விதிகளான ஜெனீவா ஒப்பந்தங்கள் அனைத்திலும் பொதுவாக உள்ள 3ஆம் பிரிவு கும்பலையும் கட்டுப்படுத்தும்: சித்திரவதை கூடாது, பணயக்கைதி பிடிக்கக் கூடாது. ஆனால் இவை சாதாரணச் சட்டத்திலும் குற்றங்கள்தானே.

1980-81இல் பழைய வட ஆற்காட்டிலும் தருமபுரியிலும் நக்சல் இளைஞர்கள் 'என்கவுன்ட்டர்'களில் கொல்லப்பட்டார்கள். அப்போதும் காகிதத்தில் இருந்தது போலீஸ் சட்டம்தான். அது அவர்களைக் காப்பாற்றவில்லை, உண்மை. ஆனாலும் "ஏன் உயிரோடு பிடிக்கவில்லை?" என்று மனித உரிமைக்காரர்கள் கேட்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் என்கவுன்ட்டர் சாவுகளுக்கு எஃப்.ஐ.ஆரும் மாஜிஸ்திரேட் விசாரணையும் கட்டாயம் என்றது. போர் என்று அறிவித்துவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்கவே பெரும்பாலும் வழி இருக்காது.