ஆட்டமும் ஆளும் கிடைக்கும் கிளை நூலகம்

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் உள்ள எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், சிறுவர் பிரிவையொட்டி ஒரு விளையாட்டுப் பகுதி இயங்கி வருகிறது. செஸ், கேரம், பல்லாங்குழி ஆகியவற்றுடன், வெளிநாட்டில் பணிபுரியும் உள்ளூர்க்காரர் ஒருவர் நன்கொடையாக அளித்த கட்டான், டிக்கெட் டு ரைடு ஆகிய பலகை விளையாட்டுகளும், நின்டெண்டோ ஸ்விட்ச் என்னும் ஒரு வீடியோ கேம் கருவியும் அங்கே உள்ளன. உறுப்பினர் அட்டையைக் கொடுத்து விளையாட்டுப் பெட்டியை வாங்கி அங்கேயே ஆடலாம். தனிக் கட்டணம் இல்லை. சொத்து வரியோடு நூலக வரியையும் நாம் செலுத்திக்கொண்டுதானே இருக்கிறோம்.

1995ஆம் ஆண்டு ஜெர்மனியில் வெளியான கட்டானை ஆட மூவராவது வேண்டும். நால்வர் இருந்தால்தான் களை கட்டும். கடையில் ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துப் பெட்டியை வாங்கிவிடலாம். ஆனால் கணவனும் மனைவியும் மட்டுமே உள்ள வீட்டில் மூன்றாவது ஆளை எங்கே தேடுவது? இந்த நூலகத்தின் உண்மையான சேவை, பெட்டியோடு எதிராளியையும் தருவதே என்பது என் கணிப்பு.

சனிக்கிழமை பிற்பகலில் சென்றால் இதை நேரில் காணலாம். நான் சென்ற அன்று, கட்டானின் பத்தொன்பது அறுகோண அட்டைகளைப் பரப்பி, விசைத்தறிப் பட்டறையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரும் பள்ளி மாணவர் மூவரும் அமர்ந்திருந்தனர். மரம், செங்கல், கம்பளி, தானியம், கனிமம் என்னும் ஐந்து பொருள்களை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு வீடும் சாலையும் அமைப்பதுதான் ஆட்டம் என்பதால், பேரம் அந்தியூர்ச் சந்தையில் நடப்பதைப் போலவே சூடு பிடித்தது. கம்பளிச் சீட்டில் ஆட்டின் படம் இருப்பதால் அதை எல்லோரும் ஆடு என்றே அழைக்கிறார்கள். "ஏனுங் தாத்தா, ரெண்டு ஆடு தாறேன், ஒரு செங்கல் குடுங்க" என்று ஒரு சிறுமி கேட்க, "ஆட்ட வெச்சு நான் என்ன கண்ணு பண்றது, நெல்லு இருந்தாச் சொல்லு" என்றார் பெரியவர். இரண்டு பகடைகள் விழக்கூடிய 36 வகைகளில் ஆறு வகைகளில் கூட்டுத்தொகை ஏழாக வருகிறது என்பதையும், ஏழு விழும்போது ஏழுக்கு மேல் சீட்டு வைத்திருப்பவர் பாதியை இழக்க வேண்டும் என்பதையும் அந்தச் சிறுமிதான் அவருக்கு விளக்கினாள்.

ரயில் பாதை அமைக்கும் ஆட்டமான டிக்கெட் டு ரைடில் ஆளுக்கு 45 சிறு பொம்மை ரயில் பெட்டிகள் உண்டு. கறுப்பு நிறத்தில் சில தொலைந்துவிட்டதால் அவற்றுக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஆட்டத்துக்கு அதனால் குறையொன்றும் இல்லை. இப்போது மூடியின் உட்புறம் ஒட்டியுள்ள பட்டியலைப் பார்த்து, திரும்பி வரும் ஒவ்வொரு விளையாட்டுப் பெட்டியிலும் உள்ளவற்றை நூலகர் எண்ணிச் சரிபார்த்த பிறகே உறுப்பினர் அட்டையைத் திருப்பித் தருகிறார். கூட்டமான நாளில் இதற்காகக் காத்திருக்க நேர்ந்தாலும், இந்தக் கண்டிப்பு இல்லையென்றால் ஓராண்டில் வெறும் அட்டைப்பெட்டிகளே மிஞ்சும்.

வீடியோ கேம் பக்கம் அவ்வளவு திருப்தி தரவில்லை. மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்னும் கார் பந்தய ஆட்டத்தில் ஒரே திரையில் நால்வர் கார் ஓட்டலாம், பந்தயம் சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் வரிசையும் வேகமாக நகர்கிறது. ஆனால் அதே கூடத்தின் மறுகோடியில் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படிப்பவர்கள் அமர்ந்திருப்பதால் தொலைக்காட்சியின் ஒலியை முழுவதுமாக அடைத்துவிடுகிறார்கள். படிப்பவர்களின் நியாயத்தை மறுக்க முடியாது. எனினும் ஓசையில்லாத கார் பந்தயத்தில் பாதிச் சுவை போய்விடுகிறது. ஒரு மரத்தடுப்பும் நான்கு ஹெட்போன்களும் இருந்தால் இரு தரப்பும் நிம்மதியாக இருக்கலாம்.

இன்னொரு குறை, நம் ஊர் ஆட்டங்களைப் பற்றியது. பதினான்கு குழிகள் கொண்ட பல்லாங்குழிப் பலகை சோழிகளோடு தயாராக இருந்தும், விதிமுறை எழுதிய தாள் இல்லாததால் சிறுவர்கள் அதைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கோயில் கற்றளங்களில் இன்றும் கோடுகளாகக் காணக்கிடைக்கும் ஆடுபுலி ஆட்டமோ அங்கே அறவே இல்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு, ஒரு கட்டம். ஒரு தாளில் வரைந்து வைத்தாலே போதும்.

பெட்டிகளை வீட்டுக்குக் கொடுப்பதில்லை. கட்டானுக்கு அது சரிதான். செஸ், பல்லாங்குழி ஆகியவற்றையாவது புத்தகங்களைப் போல இரவல் தரலாம். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. இருவராகச் செல்பவர்கள் வேலை நாளின் மாலையில் சென்று டிக்கெட் டு ரைடைக் கேட்டு வாங்குவது நல்லது, அதை இருவரே ஆடலாம். கட்டானில் இடம் வேண்டுவோர் சனிக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்த கையோடு போய்விட வேண்டும்.