ரைனர் க்னீசியாவின் வியூக விளையாட்டுகள்: அல்சூர் மேசையிலிருந்து ஒரு மதிப்பீடு

ஒரே ஒரு வடிவமைப்பாளரின் பலகை விளையாட்டுகளை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனை விதித்தால், தயக்கமின்றி ரைனர் க்னீசியாவின் பெயரைச் சொல்வேன். 1957-இல் ஜெர்மனியில் பிறந்த இவர், உல்ம் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். நிதித்துறைப் பணியை விட்டுவிட்டு 1997 முதல் முழுநேரமாக விளையாட்டுகளை வடிவமைத்து வருகிறார். வெளிவந்தவை 700-க்கும் மேல் என்பதால் எல்லாமே சிறந்தவை என்று சொல்ல முடியாது. ஆயினும் 1990-களில் அவர் உருவாக்கிய சில விளையாட்டுகளுக்கு இணையாக, இவ்வளவு குறைந்த விதிகளில் இவ்வளவு கடினமான முடிவுகளைக் கேட்கும் வேறு விளையாட்டுகளை நான் பார்த்ததில்லை.

பெங்களூரில் ஆடுபவர்களுக்கு இவரைப் பரிந்துரைக்க இன்னொரு காரணமும் உண்டு. அல்சூரில் எங்கள் வீட்டு மேசையைச் சுற்றித் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி ஆகிய நான்கும் கலந்து ஒலிக்கும். வருகிறவர்களில் ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களும் உண்டு. இன்றைய விளையாட்டுகள் பலவற்றில் ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பத்தி ஆங்கிலம் இருக்க, க்னீசியாவின் முக்கியமான விளையாட்டுகள் நிறம், எண், சின்னம் ஆகியவற்றாலேயே நடக்கின்றன. விதிகளை ஒருவர் வாய்மொழியாக விளக்கிவிட்டால் போதும். அதன் பிறகு எல்லோரும் சமமாக ஆடலாம்.

அவருடைய படைப்புகளில் முதலிடம், என் கணிப்பில், 1997-இல் வெளிவந்த 'டைக்ரிஸ் அண்ட் யூப்ரடீஸ்' விளையாட்டுக்கே உரியது. பண்டைய மெசபடோமியாவின் இரண்டு நதிகளுக்கிடையே இரண்டு முதல் நான்கு பேர் அரசுகளைக் கட்டியெழுப்புகிறார்கள். ஒவ்வொருவரிடமும் அரசர், குரு, உழவர், வணிகர் என்று நான்கு தலைவர்கள். அவர்களுக்கு முறையே கறுப்பு, சிவப்பு, நீலம், பச்சை என்று நான்கு நிறச் சதுர வில்லைகள். ஒரு முறைக்கு இரண்டு செயல்கள் மட்டுமே செய்யலாம். ஓர் அரசில் நீங்கள் வைக்கும் வில்லையின் புள்ளி, அந்த அரசில் அதே நிறத் தலைவரை வைத்திருப்பவருக்குப் போகும்; அதாவது, அரசுகள் யாருக்கும் சொந்தமில்லை. ஒரே அரசில் நான் குருவையும் நீங்கள் வணிகரையும் வைத்துக்கொண்டு நெடுநேரம் சேர்ந்து பிழைக்கலாம். மூன்றாமவர் ஒருவர் ஒரே ஒரு வில்லையை வைத்து இரண்டு அரசுகளை இணைத்துவிட்டால், தமக்கு எந்தப் பங்கும் இல்லாத ஒரு போரை அவர் மற்ற இருவருக்குமிடையே மூட்டிவிட முடியும். போரில் பலகையில் உள்ள, மோதும் தலைவர்களின் நிற வில்லைகளும் கையில் மறைத்து வைத்திருப்பவையும் சேர்ந்து வலிமையாகக் கணக்கிடப்படும். சமமானால் தற்காத்தவருக்கே வெற்றி. தோற்றவரின் தலைவர் பலகையை விட்டு நீக்கப்படுவார், அவருடைய ஆதரவு வில்லைகளும் அழியும்.

ஆனால் இந்த விளையாட்டை மகத்தானதாக்குவது இறுதிக் கணக்கு முறைதான். நான்கு நிறங்களில் எதில் உங்களுக்குப் புள்ளி மிகக் குறைவோ அதுவே உங்கள் மதிப்பெண். சிவப்பில் 14, கறுப்பில் 12, பச்சையில் 11 என்று குவித்து, நீலத்தில் 4 மட்டும் வைத்திருப்பவரின் மதிப்பெண் 4. நான்கிலும் ஆறு ஆறாகச் சேர்த்தவர் அவரை வென்றுவிடுவார். எனவே பலத்தை மேலும் பெருக்குவதில் பயனில்லை. எந்த நிறத்தைப் புறக்கணித்தோம் என்று ஆட்டம் முழுவதும் நம்மையே கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எதிராளிக்கு எந்த நிறம் குறைவு என்பதும் அவர் முன்னால் உள்ள சிறு தடுப்புத் திரைக்குப் பின்னால் மறைந்திருக்கும், நினைவில் வைத்துக்கொண்டால்தான் உண்டு. 1998-இல் ஜெர்மன் விளையாட்டுப் பரிசை இது பெற்றது முற்றிலும் நியாயமானது. குறை ஒன்று உண்டு: அரசுக்குள் எழும் கலகமும் அரசுகளுக்கிடையே மூளும் போரும் வெவ்வேறு விதிகளின்படி தீர்க்கப்படுவதால், முதல் ஆட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் குழம்புவார்கள். கலகத்தில் எந்தத் தலைவரானாலும் கோயில்களைக் குறிக்கும் சிவப்பு வில்லைகளே கணக்கு என்பதை விளக்குபவர் முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்ததாக நான் வைப்பது 1992-இல் வந்த 'மாடர்ன் ஆர்ட்'. ஐந்து ஓவியர்களின் படங்களை ஆட்டக்காரர்களே ஏலம் விட்டு, ஆட்டக்காரர்களே வாங்குகிறார்கள். வெளிப்படை ஏலம், ஒரு சுற்று ஏலம், மூடிய கையில் தொகையை வைத்துக் கேட்பது, நிலையான விலை, இரட்டை ஏலம் என்று ஏல வகைகளும் ஐந்து. ஒரு சுற்றில் அதிகம் இறக்கப்பட்ட மூன்று ஓவியர்களின் படங்களுக்கு மட்டுமே வங்கி பணம் தரும். மற்றவர்களின் படங்கள் அந்தச் சுற்றில் காகிதத்துக்குச் சமம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 60-க்கு விலைபோகும் என்று கருதும் படத்துக்கு நான் 40 கொடுத்தால் எனக்கு லாபம் 20, விற்றவருக்கோ 40. பாதி விலையைத் தாண்டிக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நான் எதிராளியைத்தான் வளர்க்கிறேன். ஏலச்சீட்டு நடத்திப் பழகிய என் பெரியம்மாவுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சீட்டுத் தள்ளுபடியைப் போலவே இங்கும் எதிரில் இருப்பவரின் அவசரம்தான் விலை என்பதை முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டார். மூன்று பேர் ஆடலாம் என்று பெட்டியில் இருந்தாலும், நான்கோ ஐந்தோ பேர் சேர்ந்தால்தான் சந்தை சூடுபிடிக்கும்.

1999-இன் 'ரா'வும் ஏல விளையாட்டுதான். இதில் பணம் கிடையாது. எண் பொறித்த சூரிய வட்டுகள் சிலவே ஒவ்வொருவர் கையிலும் இருக்கும். ஏலத்தில் ஒரு வட்டைக் கொடுத்து வென்றால், அந்த வட்டு நடுவுக்குப் போய் அடுத்த ஏலப் பொருளின் ஒரு பகுதியாகிவிடும். பெரிய எண்ணைச் செலவழிப்பவர் அதை அடுத்தவருக்குத் தானமாகக் கொடுக்கிறார் என்பதே இதன் அழகு. ஒரு மணி நேரத்துக்குள் முடியும், புதியவர்களும் உடனே ஒன்றிவிடுவார்கள். பையிலிருந்து வரும் வில்லைகளில் அதிர்ஷ்டம் கணிசமாக உண்டு என்பதை மறைப்பதற்கில்லை; அதைப் பொறுக்காதவர்கள் டைக்ரிஸிலேயே நிற்கலாம்.

இருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு 'லாஸ்ட் சிட்டீஸ்' போதும். 60 அட்டைகள், ஐந்து பயணங்கள். தொடங்கிய ஒவ்வொரு பயணத்துக்கும் 20 புள்ளி கழியும் என்பதால், எதைத் தொடங்காமல் விடுவது என்பதே இதில் திறமை.

பெயரைப் பார்த்துப் பலரும் கேட்பது 2000-இல் வந்த 'தாஜ் மஹால்' பற்றி. முகலாயப் பேரரசு தளர்ந்துகொண்டிருந்த காலத்து வட இந்தியா இதன் களம் என்றாலும், அந்த வரலாற்றின் சுவடு பலகையின் ஓவியத்தோடு நின்றுவிடுகிறது. க்னீசியாவிடம் கதைக்களம் எப்போதுமே மெல்லிய போர்வைதான், அதை எதிர்பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். விளையாட்டோ மிகக் கூர்மையானது: போட்டியில் இறக்கிய அட்டைகள், எதுவும் கிடைக்காமல் பின்வாங்கினாலும் திரும்பி வரமாட்டா. இறக்குமதி விலையில் ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய் ஆகும் என்பதால், கோரமங்களாவிலோ இந்திரா நகரிலோ உள்ள விளையாட்டுக் கஃபே ஒன்றில் ஒருமுறை முழு ஆட்டம் ஆடிப் பார்த்த பிறகே இதை வாங்குங்கள்.