சஸ்பென்ஸா, ட்விஸ்ட்டா?

கதை எழுத உட்காரும் பலர் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

வாசகருக்குத் தெரிவது: சஸ்பென்ஸில், பீரோவுக்குள் ஒருவன் ஒளிந்திருப்பது நமக்கு முன்பே தெரியும். வீட்டுக்காரி சாவகாசமாகத் துணி மடிக்கிறாள். ஒவ்வொரு மடிப்புக்கும் நமக்குப் பக் பக்கென்கிறது. ட்விஸ்ட்டில், கதவு திறந்த பிறகுதான் அவளோடு சேர்ந்து நாமும் அதிர்கிறோம்.

இடம்: சஸ்பென்ஸுக்குப் பக்கங்கள் வேண்டும். ட்விஸ்ட்டுக்கு ஒரு வரி போதும். ஆனால் தடயங்களை முன்கூட்டியே தூவியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசகருக்குக் கோபம்தான் வரும்.

மறுவாசிப்பு: ட்விஸ்ட்டின் அதிர்ச்சி ஒருமுறைதான். நல்ல சஸ்பென்ஸ் முடிவு தெரிந்தும் இழுத்துப் பிடிக்கும். அதனாலேயே என் ஓட்டு அதற்கு.

சரி, எதை எடுப்பது? ஒரு பக்கக் கதைக்கு ட்விஸ்ட். தொடர்கதை, நாவல் என்றால் யோசிக்காமல் சஸ்பென்ஸ்.